அதிகாரபூர்வ மாதிரித் தாள்: எப்போது எழுதுவது, எதற்காக எழுதுவது

மருத்துவம் படிக்க நாடு முழுவதற்கும் பொதுவான நுழைவுத் தேர்வு என்று ஒன்று மலேசியாவில் இல்லை. இல்லாததனாலேயே குழப்பம் அதிகம். எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் பத்துமலை, செலாயாங், கிள்ளான் பக்கத்து வீடுகளில் "எந்தச் சோதனைக்குத் தயார் பண்றது?" என்ற கேள்விதான் முதலில் எழும். ஆறாம் படிவத்துக்குப் போனால் எஸ்.டி.பி.எம். மெட்ரிகுலேஷன் கிடைத்தால் அதன் இரண்டு பருவத் தேர்வுகள். தனியார் கல்லூரிக்குக் காசு கட்ட முடிந்தால் கேம்பிரிட்ஜ் ஏ-லெவல். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சன்வே வளாகத்தில் மருத்துவம் கேட்பவர்கள் அதற்கு மேல் ஐசாட் என்ற தேர்வையும் எழுதி வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் என்றால் யூகேட். இந்தியா என்றால் நீட்.

இவை ஒவ்வொன்றுக்கும் தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிடும் தாள்கள் இருக்கின்றன. சிலது இலவசம், சிலது காசுக்கு. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையைச் சுற்றியுள்ள டியூஷன் சென்டர்கள் தரும் தாள்கள், கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் பயிற்றிகள், டெலிகிராமில் சுற்றும் மாநிலவாரி டிரையல் தாள்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவே இந்த அதிகாரபூர்வத் தாள்களின் இடம் என்ன? நிறைய எழுதினால் நிறைய வரும் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. யு.பி.எஸ்.ஆர். காலத்தில் தமிழ் நாளிதழ்கள் மாணவர் பக்கங்களில் மாதிரிக் கேள்விகளாக அச்சிட்டுத் தள்ளிய நாட்களிலிருந்தே அது இருக்கிறது. 2021இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள், நம்பிக்கை மட்டும் மேல் வகுப்புகளுக்கு ஏறிவிட்டது. அது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

"அதிகாரபூர்வம்" என்று ஒரே சொல்லால் குறித்தாலும் உள்ளே இருப்பவை ஒரே சரக்கு அல்ல. எஸ்.டி.பி.எம்., ஏ-லெவல், நீட் மூன்றிலும் நமக்குக் கிடைப்பது உண்மையில் நடந்து முடிந்த தேர்வின் தாள். யூகேட்டும் ஐசாட்டும் அப்படியல்ல. அவற்றின் நேரடித் தாள்கள் வெளியே வருவதில்லை. தேர்வை உருவாக்குவோர் பயிற்சிக்கென்று தனியாகச் செய்து தரும் தாள்கள் மட்டும்தான் உண்டு. அமெரிக்காவின் எம்கேட் தேர்வும் அதே வழிதான். அங்கே மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே முழுநீளப் பயிற்சித் தேர்வுகளை விற்கிறது, சிலவற்றை இலவசமாகவும் தருகிறது. இந்தியாவின் தேசியத் தேர்வு முகமை 2020 மே மாதம், கோவிட் முடக்கத்தின் நடுவில், 'நேஷனல் டெஸ்ட் அப்யாஸ்' என்ற செயலியைக் கொண்டுவந்து நீட் மாணவர்களுக்கு இலவச மாதிரித் தேர்வுகளை வழங்கியது. நடந்த தாள், செய்த தாள் என்ற இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். நடந்த தாளுக்கு ஆண்டுதோறும் ஒன்று கூடும். செய்த தாள் எண்ணிக்கையில் குறைவு, எழுதித் தீர்த்தால் தீர்ந்ததுதான்.

மாதிரித் தேர்வு எழுதுவது கற்றலுக்கு உதவுமா என்பதில் ஆய்வாளர்களிடையே இப்போது பெரிய சண்டை இல்லை. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்த சோதனை பலமுறை எடுத்துக் காட்டப்படுவது. மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கத் தந்தார்கள். ஒரு குழு அதையே மறுபடி படித்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி படித்தவர்கள் முன்னே நின்றார்கள்: 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56, மறுபடி படித்தவர்கள் 42. படித்துக்கொண்டே இருப்பவருக்குத் தெரிந்ததுபோல் தோன்றும், எழுதிப் பார்த்தவருக்கு மறுவாரமும் நினைவிருக்கும். 2013இல் டன்லாஸ்கியும் உடனிருந்தோரும் பத்து வகைப் படிப்பு முறைகளைச் சீர்தூக்கிய ஆய்வில் மிகப் பயனுள்ளவை என்று பிரித்தெடுத்தது இரண்டைத்தான். தன்னைத் தானே சோதித்துக்கொள்வது ஒன்று, இடைவெளி விட்டுப் படிப்பது இன்னொன்று. அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கீழ்த்தட்டில் போயின.

ஆனால் இந்த ஆய்வுகள் பேசுவது தன்னைச் சோதிப்பதைப் பற்றி. அதற்கு அதிகாரபூர்வத் தாள்தான் வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. பாடநூலின் பின்பக்கக் கேள்வி போதும், தோழி கேட்கும் கேள்வி போதும், எந்தப் பயிற்றியும் போதும். இந்த இடத்தைத்தான் பெற்றோரும் டியூஷன் ஆசிரியர்களும் கோட்டை விடுகிறார்கள். சோதித்துப் படிப்பது நல்லது என்றதும் ஆறு மாதத்துக்கு முன்பே அதிகாரபூர்வத் தாள்களை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ருசி பார்த்த கரண்டியிலேயே குழம்பு தீர்ந்துபோன கதை. கடைசி மாதம் வரும்போது தான் எங்கே நிற்கிறோம் என்று அளந்து பார்க்க, முன்பு பார்க்காத தாள் ஒன்றுகூடக் கையில் இருக்காது.

பழைய தாளையே திரும்ப எழுதலாமே என்றால், அது தரும் மதிப்பெண் ஏமாற்றும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குலிக் என்பவரின் குழு 1984இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அதே தாளை மறுபடி எழுதியவர்களின் உயர்வில், அதேபோன்ற வேறு தாளை எழுதியவர்களின் உயர்வு ஏறக்குறைய பாதிதான். அதாவது இரண்டாம் முறை கூடிய மதிப்பெண்ணில் கிட்டத்தட்டப் பாதி அந்தக் கேள்விகளின் ஞாபகம். உயிரியலில் இது இன்னும் மோசம். 'இந்தக் கேள்விக்கு விடை சி' என்று விரலுக்கே பழகிவிடும், மைட்டோகாண்ட்ரியா பற்றி ஒன்றும் தெரியாமலே.

ஆகவே அதிகாரபூர்வத் தாளின் முதல் வேலை அளப்பது. அந்தத் தேர்வின் நடையைப் பழக்குவது இரண்டாம் வேலை. இந்த இரண்டையும் எந்தப் பயிற்றியும் அந்த அளவுக்குச் செய்யாது. பாடத்தைக் கற்பிக்கும் வேலையை எந்தப் பயிற்றியும் செய்யும்.

நடையைப் பழக்குவது என்றால் என்ன என்பதற்கு நீட் தேர்வையே கிட்டப் போய்ப் பார்க்கலாம். கோலாலம்பூர் 2022இல் நீட் மைய நகரங்களின் பட்டியலில் வந்தது. அந்த ஆண்டு இந்தியாவுக்கு வெளியே 14 நகரங்களில் தேர்வு நடந்தது. இந்தியாவில் மருத்துவம் படிக்க விரும்பும் வெளிநாட்டுக் குடிமக்களும் நீட் எழுத வேண்டும் என்பது விதி. ஒரு காலத்தில் மதிப்பெண் பட்டியலையும் கடப்பிதழையும் எடுத்துக்கொண்டு மணிப்பாலுக்கோ சென்னைக்கோ போன தலைமுறைக்கு இது புதிது. (பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. அதை முதலில் செய்யாமல் நீட்டுக்கு உட்காருவதில் அர்த்தமில்லை.)

2025 முதல் நீட் மறுபடி பழைய அமைப்புக்கு வந்துவிட்டது: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90, ஆக 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டால் அங்கேயே தப்பு. விடைத்தாளில் வட்டத்தை நிரப்ப ஐந்து விநாடி என்றாலும் 180 வட்டங்களுக்கு 15 நிமிடம் போய்விடும். நம் பிள்ளைகள் எஸ்.பி.எம். பல்தேர்வுத் தாள்களை 2பி பென்சிலால் நிரப்பிப் பழகியவர்கள். மனம் மாறினால் அழிப்பான் இருக்கிறது. நீட்டில் கறுப்புப் பால்பாயின்ட் பேனா, அதையும் மையத்திலேயே தருகிறார்கள். நிரப்பியது நிரப்பியதுதான். கைக்கடிகாரம் கட்டக்கூடாது. சுவர்க் கடிகாரத்தைத் தலைநிமிர்ந்து பார்க்கப் பழகியிருக்க வேண்டும். இந்திய நேரம் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே மாலை 4.30. முடியும்போது இரவு 7.30. காலை எட்டு மணிக்கு, குளித்து, தோசை சாப்பிட்டு, மூளை விழித்திருக்கும் நேரத்தில் எழுதிப் பார்த்த பத்து மாதிரித் தேர்வுகள் அந்த மாலை ஆறரை மணிச் சோர்வைப் பற்றி ஒன்றும் சொல்லித்தரா. கோலாலம்பூர் மையத்தில் ஆங்கிலத் தாள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய் வழி இடைநிலைப்பள்ளி முடித்து வந்த பிள்ளைக்கு உயிரியலின் கலைச்சொற்களே இன்னொரு பாடம்.

கழிவு மதிப்பெண்ணைப் பற்றிய பயமும் தாளை எழுதிப் பார்த்தால்தான் தெளியும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குத்தினால் சராசரியில் கேள்விக்குக் கால் மதிப்பெண் கிடைக்கிறது, நட்டமில்லை. ஒரு விடை நிச்சயம் தவறு என்று தள்ள முடிந்தால் சராசரி மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண்ணாக ஏறும். இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை. இது கணக்கு. ஆனால் "தள்ள முடிந்தது" என்று ஒரு மாணவர் நினைக்கும்போது உண்மையில் எத்தனை முறை சரி என்பது அவரவர் தாளைத் திருத்திப் பார்த்தால்தான் தெரியும். சிலருக்கு ஐயத்தோடு குத்திய விடைகளில் பாதி சரியாக இருக்கும். சிலருக்கு அழகாகத் தள்ளிய விடைதான் ஒவ்வொரு முறையும் சரியான விடையாக இருக்கும். அப்படிப்பட்டவர் விட்டுவிடுவதே நல்லது.

யூகேட்டின் நடை முற்றிலும் வேறு. அங்கே பாடமே இல்லை. 2006இல் பிரிட்டனில் தொடங்கிய இந்தத் தேர்வில் மொழித்திறன் பகுதி 44 கேள்விகளுக்கு 22 நிமிடம். ஒரு பத்தியும் அதன் நான்கு கேள்விகளும் சேர்ந்து இரண்டு நிமிடம். எழுத்தை எழுத்தாக வாசித்துப் பொருள் கொள்ளப் பழகிய நல்ல மாணவர்தான் இதில் முதலில் விழுவார். கணினித் திரையில், திரையிலேயே உள்ள கால்குலேட்டரைத் தட்டி எழுத வேண்டும். இதற்குப் பயிற்றியைக் காகிதத்தில் எழுதிப் பழகுவது கிட்டத்தட்ட வீண். யூகேட் அமைப்பு தன் தளத்திலேயே பயிற்சித் தேர்வுகளையும் கேள்வி வங்கிகளையும் இலவசமாக வைத்திருக்கிறது, உண்மைத் தேர்வின் திரையும் விசைகளும் அப்படியே. தனியார் பயிற்சி எதையும் தான் பரிந்துரைப்பதில்லை என்றும் சொல்கிறது. அப்படியிருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு ஆயிரக்கணக்கான வெள்ளி கட்டிப் படிப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இலவசத் தாள்களைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம் நமக்கு லேசில் போகாது.

அதிகாரபூர்வம் என்றாலே காலாவதி ஆகாது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2025இல் யூகேட்டிலிருந்து வடிவங்களைக் கண்டறியும் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதுவரை 3600க்குப் போட்டுவந்த மொத்தம் 2700 ஆயிற்று. அண்ணன் 2023இல் எடுத்த 2700 வேறு, தங்கை இப்போது எடுக்கும் 2700 வேறு. அண்ணனுடையது நல்ல மதிப்பெண், தங்கையுடையது முழு மதிப்பெண். நீட்டில் 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் தந்து அவற்றில் 180க்கு விடை எழுதச் சொன்னார்கள். 2022 முதல் கூடுதலாக 20 நிமிடமும் தந்தார்கள். அந்த ஆண்டுகளின் தாள்களை அப்படியே எடுத்து எழுதுகிறவர் இன்று இல்லாத ஒரு சலுகையோடு எழுதுகிறார். எஸ்.டி.பி.எம். 2012இல் மூன்று பருவ முறைக்கு மாறியபோதும் அதற்கு முந்தைய தாள்களை என்ன செய்வது என்ற குழப்பம் இருந்தது. கேள்வியாக அவை பயன்படும், தேர்வாகப் பயன்படா.

விடைக் குறிப்பும் தெய்வவாக்கு அல்ல. 2024 நீட் இயற்பியலில் அணுவின் நிலைத்தன்மை பற்றிய ஒரு கேள்வி. புதிய பாடநூல்படி ஒரு விடை, பழைய பதிப்பின்படி இன்னொரு விடை. முகமை இரண்டுக்கும் மதிப்பெண் தந்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் போனது. டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஒரு விடைதான் சரி என்றார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. 720க்கு 720 எடுத்தவர்கள் முதலில் 67 பேர், திருத்திய பட்டியலில் 17 பேர். அண்ணன் அக்காளின் பழைய புத்தகத்தை வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு இது நேரடியாகப் பொருந்தும். நீட் விடைக் குறிப்பு வெளியானதும் கேள்விக்கு 200 ரூபாய் கட்டித் தேர்வெழுதிய யாரும் எதிர்க்கலாம். இறுதிக் குறிப்பு அதன் பிறகே வரும். பழைய தாளை எழுதுகிறவர் இறுதிக் குறிப்பை வைத்துத்தான் திருத்த வேண்டும். இணையத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் முதல் குறிப்பு.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு இன்னும் கனமான ஒரு பக்கம் உண்டு. அங்கே 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது, 2006இல் சட்டம் கொண்டுவந்து அதை எடுத்தார்கள். பத்தாண்டு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே கதவைத் திறந்தது. 2017இல் நீட் வந்தது. அரியலூர் மாவட்டத்து அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தும் நீட்டில் இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம் வரை போயும் பயனின்றி, அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள். கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் தரச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை முதலில் நிறுத்திவைத்து, பிறகு தள்ளியது. ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவு என்பது விதி. தமிழில் எழுதப்போகும் மாணவர்க்கு அப்போது பழகிப் பார்க்கத் தமிழில் நடந்த பழைய தாள்கள் எத்தனை இருந்திருக்கும்? மிகச் சிலதான். மாதிரித் தாள் பற்றிய அறிவுரைகள் எல்லாம் தாள் கையில் இருக்கிறவருக்குச் சொல்லப்படுபவை.

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையில் ஒரு எண் என்னை நிறுத்தியது. தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் இரண்டாம் மூன்றாம் முறை எழுதியவர்களின் பங்கு 2016-17இல் 12 விழுக்காடு அளவில் இருந்தது, 2020-21இல் 71 விழுக்காட்டைத் தாண்டியது. ஓராண்டு வீட்டிலிருந்து, கட்டணம் கட்டிப் பயிற்சி மையம் போய், தாள் மேல் தாளாக எழுத முடிந்தவர்களின் வரிசை அது. மாதிரித் தேர்வு இலவசம் என்பதால் எல்லோருக்கும் சமம் என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒரு நிமிடம் பார்க்கலாம். மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாத ஓர் அறை, இன்னொரு ஆண்டு சம்பாதிக்காமல் இருக்க ஒரு குடும்பத்தின் சம்மதம், இவை எந்தத் தளத்திலும் பதிவிறக்கக் கிடைக்கா. தமிழ்நாடு அரசு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்ததற்குப் பின்னால் இருந்த நியாயம் இதுதான். எனக்கு அது சரியென்றே படுகிறது.

சந்தையில் கிடைக்கும் தனியார் மாதிரித் தாள்களை மொத்தமாக ஒதுக்கவும் முடியாது. கற்பதற்கு அவை போதும் என்று முன்னே சொன்னேன். சிக்கல் அவை தரும் மதிப்பெண்ணில். சில மையங்கள் முதல் மாதத் தாளை வேண்டுமென்றே கடினமாக வைக்கும், கடைசி மாதத் தாளை இளக்கும். வரைபடத்தில் பிள்ளை ஏறிக்கொண்டே போவதுபோல் தெரியும், பெற்றோர் மனம் குளிரும். யூகேட் போன்ற தேர்வுகளில் சரியான விடைகளின் எண்ணிக்கையை அளவு மதிப்பெண்ணாக மாற்றும் வாய்ப்பாடு அமைப்பிடம்தான் இருக்கிறது. தனியார் போடும் '680' என்பது அவர்கள் ஊகம். மாநிலவாரி டிரையல் தாள்களைச் சேகரித்து அடுக்குவதும் நம் ஊர்ப் பழக்கம். பேராக், திரங்கானு, கிளந்தான் என்று கோப்பு நிறையும். நிறையக் கேள்வி பார்க்க அவை உதவும். எஸ்.டி.பி.எம். மதிப்பெண்ணோடு அவற்றின் மதிப்பெண்ணை ஒப்பிடுவது சரிவராது. தாளை எழுதியவர் வேறு, திருத்துபவர் வேறு, தரக்கோடு வேறு.

அதிகாரபூர்வத் தாளின் மதிப்பெண்ணும் ஒரு புள்ளி அல்ல, ஒரு பட்டை. எம்கேட் அமைப்பு இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. 472க்கும் 528க்கும் நடுவில் வரும் மொத்த மதிப்பெண்ணோடு இரண்டு கூட்டல் கழித்தல் பட்டையையும் சேர்த்தே தருகிறது. 508 என்றால் 506 முதல் 510 வரை. நீட்டில் இப்படிப் பட்டை தருவதில்லை, ஆனால் ஆண்டுக்காண்டு தாளின் கடினம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தாலே போதும். 2024இல் திருத்தத்துக்குப் பிறகும் 17 பேர் முழு மதிப்பெண். 2025இல் நாட்டிலேயே முதலிடம் 686. பொதுப் பிரிவின் தகுதிக் கோடு 162இலிருந்து 144க்கு இறங்கியது. 2024 தாளை வீட்டில் எழுதி 600 எடுத்தவரைவிட 2025 தாளில் 540 எடுத்தவர் தரவரிசையில் முன்னே நிற்கக்கூடும். எந்த ஆண்டுத் தாளை எழுதினாலும் அந்த ஆண்டின் தரவரிசையோடு சேர்த்துப் படிக்காமல் வெறும் எண்ணைப் பார்த்து அழுவதும் இனிப்பு வாங்குவதும் வீண்.

அப்படியானால் எத்தனை தாள், எப்போது? நடந்த தாள்கள் பத்திருபது கிடைக்கும் தேர்வு என்றால் பழையவற்றைப் பாடம் பாடமாகப் பிரித்து ஆண்டு முழுதும் பயன்படுத்தலாம், மோசமில்லை. புதிய அமைப்பில் வந்த கடைசி மூன்று நான்கை மட்டும் தொடாமல் பூட்டி வைக்க வேண்டும். ஒன்றைத் தேர்வுக்கு எட்டு வாரம் முன்பு, அடுத்ததை நான்கு வாரம் முன்பு, இன்னொன்றைப் பத்து நாள் முன்பு, அதே நேரம், அதே பேனா, அதே சுவர்க் கடிகாரம். கடைசி வாரத்தில் முழுத் தாள் வேண்டாம் என்பது என் கட்சி. அந்த வாரத்தில் வரும் குறைந்த மதிப்பெண்ணை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, தூக்கம்தான் கெடும். யூகேட், ஐசாட் போல எண்ணிக்கை குறைந்த தாள்களில் ஒன்றைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிய. மற்றவை கடைசி ஆறு வாரத்துக்கு. யூகேட்டை ஓர் ஆண்டில் ஒரு முறைதான் எழுத முடியும் என்பதால் அதில் அவசரத்துக்கு இடமே இல்லை.

எழுதியதைவிடத் திருத்துவதற்கு அதிக நேரம் ஆக வேண்டும். மூன்று மணி நேரத் தாளுக்கு ஆறு மணி நேரம் என்று நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்களில் ஒருவர் மாணவர்களை விடைத்தாளின் ஓரத்தில் எழுதும்போதே ஒரு குறி போடச் சொல்வார்: நிச்சயம் என்றால் ஒன்றுமில்லை, ஐயம் என்றால் ஒரு புள்ளி, குத்தினேன் என்றால் இரண்டு. பிறகு தவறான விடைகளைப் பார்ப்பதற்கு முன் புள்ளி வைத்த சரியான விடைகளைப் பார்க்கச் சொல்வார். அவைதான் அடுத்த தாளில் தவறாகப் போகிறவை. புள்ளியே இல்லாமல் தவறானவை அவருக்கு இன்னும் முக்கியம். தெரியும் என்று நம்பித் தவறாகத் தெரிந்து வைத்திருப்பவை அவை. சிவப்பு மையால் சரி, தவறு என்று மட்டும் போட்டுக் கூட்டி 'நல்லா வந்திருக்கு' என்று மூடிவைக்கும் தாளில் இது எதுவும் தெரியவராது.

எழுத்துத் தேர்வுகளில் இதைவிட நல்ல ஒரு பொருள் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. அதுதான் தேர்வாளர் அறிக்கை. கேம்பிரிட்ஜ் ஒவ்வொரு பருவத்துக்கும் வெளியிடுகிறது. மலேசியத் தேர்வுக் கழகமும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு அறிக்கை வெளியிட்டு வருகிறது. எந்தக் கேள்வியில் மாணவர்கள் எங்கே சறுக்கினார்கள், எந்த விடையில் பாதி மதிப்பெண் போனது, படத்தில் எதைக் குறிக்க மறந்தார்கள், கேள்வி 'விளக்குக' என்று கேட்டபோது எத்தனை பேர் வெறுமனே பெயரைச் சொல்லி நிறுத்தினார்கள் என்று திருத்தியவர்களே எழுதி வைத்திருப்பது. நூறு மாதிரித் தாள் எழுதினாலும் தெரியவராத ஒன்று அதில் உண்டு: எதிர்த் தரப்பு எப்படிப் படிக்கிறது என்பது. நம் நாட்டில் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 புறப்பாடம். அதற்கு மேல் மருத்துவத்துக்கு நேர்காணலும் உண்டு. அப்படியிருக்க எஸ்.டி.பி.எம். மாணவர்க்கு இந்த அறிக்கையைவிடப் பெரிய அதிகாரபூர்வப் பயிற்சி இல்லை. அது நீளமாக இருக்கிறது, ஆகவே டியூஷனில் ஓடுவதில்லை.

தாள் தட்டுப்பாடு இங்கே இல்லை. இல்லாதது கூடம். தரைமாடி வீட்டின் வரவேற்பறையில், தொலைக்காட்சித் தொடரும் தம்பியும் குக்கர் விசிலும் நடுவே, மாலை 4.30 முதல் 7.30 வரை ஒரு பிள்ளை முழு நீட் தாள் எழுதுவது நடக்காத காரியம். எழுதினாலும் அது தேர்வாகாது. இந்த வேலையைச் செய்யச் சமூகத்துக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியர்களாக வைத்து இந்தியப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வளர்ந்தது. தேர்வுக்கு முன் மாணவர்களைத் திரட்டிப் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை நடத்துவதும் அதன் வழக்கம். யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் உயர்தர மாணவர்களுக்கு நீண்ட காலமாக முன்னோடித் தேர்வுகளை நடத்தி வருகிறது. அவற்றில் வரும் புள்ளியை வட மாகாணப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் உண்மைத் தேர்வுக்கு முந்திய அளவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே வினாத்தாளையும் உள்ளூர் ஆசிரியர்களே உழைத்து உருவாக்குகிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த உழைப்புகூட வேண்டாம். நீட் தாள் முகமையின் தளத்தில் கிடக்கிறது, யூகேட் தாள் அதன் தளத்தில், எஸ்.டி.பி.எம். தாள் கடையில். ஒரு கோவில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் கிடைத்தால், நிரப்ப விடைத்தாள் நகல்கள், ஒரு பெட்டி கறுப்புப் பேனா, சுவரில் ஓடும் ஒரு கடிகாரம், நுழைவாயிலில் கைப்பேசிகளை வாங்கி வைக்க ஓர் ஆள் போதும். ஆண்டுக்கு மூன்று ஞாயிறு. யார் எந்தத் தாளை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது மட்டும் கொஞ்சம் தொல்லை பிடித்த வேலை. பாதிப் பேர் பார்க்கவில்லை என்றுதான் சொல்வார்கள்.